ஊசி எந்தப் பக்கம் போனது

என் அக்காவின் கணவருக்கு முதன்முதலாக மூத்திரம் அடைத்துக்கொண்டது, குமுளியிலிருந்து கம்பத்துக்கு இறங்கும் ஜீப்பில். எழுபதுகளின் கடைசியில் ஒரு தை மாதம். அவருக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. தேனி பஜாரில் மிளகும் ஏலக்காயும் மொத்தமாக வாங்கி விற்கும் கடை வைத்திருந்தார். வாரத்துக்கு ஒருமுறை கம்பம் போய், அங்கிருந்து ஜீப்பில் மலைக்கு ஏறி, தோட்டங்களில் சரக்குப் பார்த்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுவார். அந்தப் பாதையில் ஓடிய ஜீப் டிரைவர்களுக்கெல்லாம் ஒரு வருஷமாகவே அவருடைய உபாதை தெரிந்திருந்தது; வீட்டில்தான் யாருக்கும் தெரியாது. மூன்று வளைவுக்கு ஒருதரம் நிறுத்தச் சொல்லி இறங்குவார். பதினான்கு பேரை அடைத்த ஜீப் அவருக்காகக் காத்திருக்கும். அன்றைக்கும் இறங்கினார், நின்றார், ஒரு சொட்டும் வரவில்லை.  கம்பம் ஆஸ்பத்திரியில் குழாய் போட்டு எடுத்தார்கள். எடுத்து முடித்ததும் அங்கிருந்த கம்பவுண்டரை மச்சான் கையெடுத்துக் கும்பிட்டாராம். நல்ல சரக்கைக்கூட முகத்தைச் சுளித்துக்கொண்டே வாங்குகிற மனிதர் அவர்.

நான் அப்போது பெரியகுளம் தாலுகா ஆபீஸில் தலைமை எழுத்தர். எங்கள் குடும்பத்தில் அரசாங்கக் காகிதத்தைப் பார்த்து மிரளாதவன் நான் ஒருவன்தான் என்பதால், பிறப்புச் சான்றிலிருந்து பாகப்பிரிவினை வரை எல்லாம் என்னிடம் வரும். அந்த வரிசையில் மச்சானின் மூத்திரப் பாதையும் என்னிடம் வந்து சேர்ந்தது.

முதல் சிக்கல் வியாதி அல்ல, வியாதி இருந்த இடம். கம்பம் டாக்டர் சீட்டில் 'புராஸ்டேட்' என்று எழுதியிருந்தார். மூத்திரப் பைக்குக் கீழே, குழாயைச் சுற்றி இருக்கிற சுரப்பி, ஆண்களுக்கு மட்டும் உண்டு, வயதானால் வீங்கும், பெரும்பாலும் வெறும் வீக்கம், சிலருக்குப் புற்று. இவ்வளவையும் நான் விளக்கியபோது அக்காவின் காதில் விழுந்தது 'ஆண்களுக்கு மட்டும்' என்பதுதான். உடனே ஜன்னலைச் சாத்தினாள். பஜாரில் கேட்டால் வயிற்றுக் கோளாறு என்று சொல்வதாக முடிவாயிற்று. எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனையின்போது வியாதியஸ்தர்களின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதகர் வாசித்து ஜெபிப்பார். அக்கா ஒரு சீட்டு எழுதினாள். மச்சான் அதைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டார். பெயர் வாசிக்கப்பட்டால், ஆராதனை முடிந்து வாசலில் பத்துப் பேர் எங்கே வலி என்று கேட்பார்கள் அல்லவா. அதனால் அக்கா வீட்டிலேயே ஜெபித்தாள். அவளுடைய ஜெபம் என் ஆபீஸுக்கு வரும் விண்ணப்பங்களைவிடத் திருத்தமானது. ஊர், தெரு, ஆளின் பெயர், வியாதி, கோரும் உதவி எல்லாம் வரிசை தப்பாமல் வரும்.

மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இளம் டாக்டர் ஒருவர், ஆசனவாய் வழியாக விரலை விட்டுச் சுரப்பியைத் தொட்டுப் பார்த்தார். முகத்தில் எதையும் காட்டாமலிருக்கப் பழகியவர். ஆனால் எடுத்த விரலை மறுபடி விட்டுப் பார்த்தார். பிறகு ரத்தம் எடுத்தார்கள். எலும்புகளை எக்ஸ்ரே எடுத்தார்கள். அதில் எதுவும் இல்லை. மூன்றாம் நாள், சதைப் பரிசோதனைக்கு ஊசி. இன்றைக்கு ரத்தத்தில் ஓர் எண்ணைப் பார்த்தே சந்தேகப்பட ஆரம்பித்துவிடுகிறார்கள்; திரையில் படம் ஓட, அதைப் பார்த்துக்கொண்டே ஊசியைச் செலுத்துகிறார்கள். அன்றைக்கு விரல்தான் கண். ஒரு விரலை உள்ளே வைத்துக்கொண்டு, அதன் நுனி காட்டுகிற திசையில் மறு கையால் தடித்த ஊசியைச் செலுத்தி, ஒரு துணுக்குச் சதையை வெட்டி எடுப்பார்கள்.

எடுத்தார்கள். மச்சானுக்கு மூத்திரத்தில் ரத்தம் போயிற்று. நடுக்கத்தோடு நான்கு நாள் காய்ச்சல் அடித்தது. ஐந்தாம் நாள் அவர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, மெதுவாக, யாருக்கும் கேட்காமல் சொன்னார்:

"மாப்ள, செத்தாலும் சாவேனே ஒழிய இன்னொருக்க அந்த ஊசிக்கு வரமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

போட்டிருந்த குழாயை எடுத்துப் பார்த்தார்கள். நூல் போல என்றாலும் மூத்திரம் தானாகப் போயிற்று. முடிவு தபாலில் வரும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். முகவரி கேட்டபோது மச்சான் என் ஆபீஸ் முகவரியைக் கொடுக்கச் சொன்னார். கடைக்கு வந்தால் தபால்காரர் தொடங்கி எதிர்க்கடைக்காரர் வரை உறையைப் புரட்டிப் பார்ப்பார்கள் என்று பயம். அந்தப் பயத்துக்கு நான் தலையாட்டியதுதான் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

மாசியில் ஒரு நாள் முடிவு வந்தது. தாலுகா ஆபீஸ் முகவரிக்கு வந்த எந்தக் காகிதத்துக்கும் நடப்பது அதற்கும் நடந்தது. எங்கள் தபால் எழுத்தர் உறையைக் கிழித்து, காகிதத்தின் தலையில் தேதி முத்திரை குத்தி, பதிவேட்டில் ஏற்றி, நடப்பு எண் போட்டு, நிலவரித் தபால்களுக்கு நடுவே என் மேஜையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். பெரியகுளம் தாலுகாவில் நடப்பு எண் பெற்ற ஒரே புராஸ்டேட் சுரப்பி என் மச்சானுடையதாகத்தான் இருக்கும்.

ஆங்கிலத்தில் நான்கு வரி. எடுத்தனுப்பிய சதை குறைவாக உள்ளது. ஓரிரண்டு அணுக்கள் சந்தேகத்துக்கு இடமளிக்கின்றன. இதைக்கொண்டு தீர்மானமாக எதுவும் கூறுவதற்கில்லை. மேலும் சதை அனுப்பப்பட்டால் கருத்துத் தெரிவிக்கப்படும்.

ஒரு சாதாரண மனிதன் இதைப் படித்தால் என்ன செய்திருப்பான்? மறுநாள் காலை மதுரைக்குப் பஸ் ஏறியிருப்பான். நான் இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்காரன். எனக்கு அந்த நான்கு வரியைப் பார்த்ததும் எல்லாம் தெளிவாகிவிட்டது. இது இடைக்காலப் பதில். சதையைப் பார்க்கிற பிரிவு, எடுத்தனுப்பிய வார்டிடம் மேலும் விவரம் கேட்டிருக்கிறது. வார்டுதான் அதற்குப் பதில் அனுப்ப வேண்டும். அதற்காக அவர்கள் நோயாளிக்குக் கடிதம் போட்டுக் கூப்பிடுவார்கள். நமக்கு வந்திருப்பது தகவலுக்கான நகல். நடுவில் நாமாகப் போய் நின்றால் நடைமுறை குழம்பும். எந்த ஆபீஸிலும் பார்ட்டி நேரில் வந்து நிற்பதை யாரும் விரும்புவதில்லை, நானே விரும்பியதில்லை.

சனிக்கிழமை தேனிக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். மச்சான் ஒரு கேள்விதான் கேட்டார்.

"இருக்குன்னு எழுதலையே?"

"இருக்குன்னும் எழுதலை, இல்லைன்னும் எழுதலை மச்சான். கூப்பிடுவாக. அப்பப் போய்க்கலாம்."

"கூப்புடட்டும்" என்று அவர் கடைக்குக் கிளம்பிப் போனார். அக்கா என் முகத்தையே பார்த்தாள். அவளுக்கு என் ஆபீஸ் மீது என்றைக்குமே மரியாதை இருந்ததில்லை. என் படிப்பின் மீது இருந்தது. அதனால் வாயை மூடிக்கொண்டாள்.

கூப்பிடவில்லை. மச்சான் ஜீப்பில் மலைக்குப் போவதை மட்டும் நிறுத்தியிருந்தார். மற்றபடி கடை திறந்தார், சாயங்காலம் பூட்டினார். நன்றாகவே இருப்பதாகச் சொன்னார். நான் மூன்றாவது வாரம் ஆஸ்பத்திரிக்கு ஒரு நினைவூட்டுக் கடிதம் போட்டேன். பார்வையில் அவர்களுடைய எண்ணைக் குறிப்பிட்டு, நோயாளியின் பெயர், வார்டு, சேர்ந்த நாள், வெளியேறிய நாள் எல்லாம் எழுதி, 'விரைவில் நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்' என்று முடித்து, நகல் ஒன்று எனக்கு வைத்துக்கொண்டேன். நல்ல கடிதம். இன்றைக்கு எடுத்துப் படித்தாலும் அதில் ஒரு குறை சொல்ல முடியாது. மனிதன் ஒருவன் சாகக்கூடும் என்கிற செய்தி மட்டும்தான் அதில் எந்த வரியிலும் இல்லை.

பங்குனி முடியும்போது பதில் வந்தது. ஆஸ்பத்திரி ஆபீஸில் ஓர் எழுத்தர் எழுதியது. மேற்படி நோயாளி வீட்டுக்கு அனுப்பப்பட்டுவிட்டபடியால் அவருடைய தாள்கள் பதிவறைக்கு அனுப்பப்பட்டன. இந்த அலுவலகத்தில் நிலுவை ஏதும் இல்லை.

நிலுவை ஏதும் இல்லை. அந்த வாக்கியத்தை என் கையால் எத்தனை பேருக்கு எழுதியிருப்பேன். அதன் அர்த்தம் எனக்கு எழுதியவரைவிட நன்றாகத் தெரியும்: இந்தக் காரியம் இப்போது யாருடைய மேஜையிலும் இல்லை. வார்டு நோயாளி வருவார் என்று இருந்தது. பிறகு மறந்தது. நோயாளியின் சார்பில் நான், வார்டு கூப்பிடும் என்று இருந்தேன். முடிவு வந்த நாளிலிருந்து எண்ணிப் பார்த்தேன். நாற்பது நாள். ஆபீஸில் யாரிடமும் சொல்லாமல், லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அப்போதே தேனிக்குப் போனேன்.

அக்கா கேட்டுக்கொண்டே முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடித்ததும் கீரையைக் கீழே வைத்தாள்.

"ஏண்டா தம்பி, உனக்கு ஒரு பல்லு வலிச்சா, டாக்டரு கடுதாசி போடட்டும்னு உக்காந்திருப்பியா?"

"இல்லக்கா, முறைப்படி அவுகதான்..."

"உன் முறையைத் தூக்கி உடைப்புல போடு. செத்தவன் பேருல பட்டா கிடக்குற மாதிரி இவுக பேரும் உன் ஆபீஸுல கெடக்கணுமா?"

 கீரையை எடுத்து மறுபடி உருவ ஆரம்பித்தாள். காம்பும் இலையும் சேர்ந்தே பாத்திரத்தில் விழுந்தன.

அந்த ஆஸ்பத்திரியில் முன்பு பெரிய சர்ஜனாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் மதுரையில் தம் வீட்டிலேயே நோயாளிகளைப் பார்த்துவந்தார். அவரிடம் போவதென்று முடிவு செய்தோம். போகுமுன் நான் எனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். ஆஸ்பத்திரிப் பதிவறைக்குப் போய், அங்கே இருந்தவரிடம் நாங்கள் இருவரும் ஒரே எழுத்தர் இனம் என்று புரியவைத்து, மச்சானுடைய தாள்களின் நகலை ஒரே காலையில் வாங்கிக்கொண்டு வந்தேன். பதிவறையிலிருந்து ஒரு காகிதத்தை ஒரே காலையில் வெளியே கொண்டுவருவது எவ்வளவு பெரிய காரியம் என்று ஆபீஸ் உத்தியோகத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். நாற்பது நாள் முன்பே அதைச் செய்திருக்கலாம் என்பதும் தெரியும்.

மச்சானைக் கிளப்புவதுதான் பெரும்பாடாக இருந்தது. ஊசிக்கு வரமாட்டேன் என்றார். ஊசி இல்லை, தாளைக் காட்டத்தான் போகிறோம் என்றேன். அது முழுப் பொய் அல்ல. அக்காவும் கூட வந்தாள்.  பஸ் இரண்டு இடத்தில் மச்சானுக்காக நின்றது.

சர்ஜன் ஒல்லியான, மெதுவாகப் பேசுகிற மனிதர். அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். நாங்கள் இருவரும் உள்ளே போனோம். அவர் முதலில் தாள்களைப் படித்தார், ஒரு பக்கம்கூட விடாமல். பிறகு என்னிடம், அன்றைக்கு ரத்தம் எடுத்தது விரல் வைத்துப் பார்த்ததற்கு முன்பா பின்பா என்று கேட்டார். பின்புதான் என்றேன், நான் கூட இருந்தேன். அப்படியானால் அந்த ரத்தத்தின் முடிவை நம்புவதற்கில்லை என்றார். புற்று இருந்தால் ரத்தத்தில் ஒரு பொருள் கூடும். ஆனால் சுரப்பியை அழுத்திப் பார்த்தாலும் அது கொஞ்சம் கூடும். இவருக்குக் கொஞ்சம் கூடியிருந்தது. வியாதி கூட்டியதா, விரல் கூட்டியதா, யார் கண்டார்கள். அதனால் இன்றைக்கு முதலில் ரத்தம், பிறகு விரல் என்றார். முதல்முறையாக ஒரு டாக்டர் மீது எனக்குத் தொழில்முறையான மதிப்பு உண்டாயிற்று.

ரத்தம் எடுத்தார்கள். பிறகு திரைக்குப் பின்னால் கூட்டிப் போய்த் தொட்டுப் பார்த்தார். வெகுநேரம் ஆயிற்று. கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, மச்சானிடம், தன் மூக்கு நுனியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். மச்சான் தொட்டார். பிறகு கையை மடக்கி முட்டியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அதையும் தொட்டார்.

"வெறும் வீக்கம்னா மூக்கு மாதிரி இருக்கும். உங்களுக்கு இடது பக்கம் மூக்கு மாதிரிதான் இருக்கு. வலது பக்கம், அடியிலே, ஒரு பட்டாணி அளவுக்கு, முட்டி மாதிரி இருக்கு."

மச்சான் முட்டியிலிருந்து விரலை எடுக்கவில்லை. ஒரு பிடி ஏலக்காயைக் கையில் அள்ளி மூடியே அதில் ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுகிறவர் அவர். அந்தக் கணிப்பில் மலையிலிருந்து வந்த சரக்கைத் திருப்பி அனுப்பியும் இருக்கிறார். விரல் சொன்னது என்றால் அவருக்கு வேறு அத்தாட்சி வேண்டாம். எனக்கோ காகிதம் வேண்டும். அதனால் நான் கேட்டேன், அப்படியானால் இருக்கிறதா இல்லையா என்று.

 சர்ஜன் தம் கணக்கைச் சொன்னார். வயது இருக்கிறது. விரலுக்குக் கட்டி தட்டுகிறது. போன தடவை எடுத்த சதையில் சந்தேகமான அணு ஒன்றிரண்டு கிடந்திருக்கிறது. பழைய ரத்தம் எந்தப் பக்கமும் சாட்சி சொல்லவில்லை. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், இருக்கும் என்றுதான் தாம் நினைப்பதாகச் சொன்னார். ஆனால் அது தம்முடைய எண்ணம் மட்டுமே. இருக்கிறது என்று நிச்சயமானால் செய்ய வேண்டிய சிகிச்சை, விரைகள் இரண்டையும் எடுத்துவிடுவது. இந்தப் புற்று அதில் சுரப்பதைத் தின்றுதான் வளர்கிறது; அதை நிறுத்தினால் இது வாடும். தம் எண்ணத்தை மட்டும் வைத்து ஒரு மனிதனுக்கு அதைச் செய்யத் தமக்கு மனமில்லை. மூன்று மாதத்துக்கு ஒருதரம் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே காத்திருக்கலாம். ஆனால் கட்டி தடித்த பிறகு தெரிந்துகொள்வதில் பிரயோஜனம் குறைவு. இல்லாவிட்டால் இன்னொரு ஊசி.

ஊசி என்ற சொல் விழுந்ததும் நான் மச்சானைப் பார்க்காமல் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"ஐயா, ஒண்ணு கேக்கலாமா? போன தடவை ஊசி எந்தப் பக்கம் போட்டாக?"

சர்ஜன் தாளைப் புரட்டினார். மறுபடி முதலிலிருந்து புரட்டினார். விரல் பரிசோதனையில் வலது பக்கம் கட்டி என்று எழுதியிருந்தது. ஊசி போட்ட அன்றைய குறிப்பில் சதை எடுக்கப்பட்டது என்று மட்டும் இருந்தது. பக்கம் எழுதப்படவில்லை. எந்த இடம், எத்தனை தடவை, எதுவும் இல்லை. நானும் அந்தத் தாள்களை ரயில் நிலையத்தில் உட்கார்ந்து மூன்று தடவை படித்திருந்தேன். கையெழுத்து இருக்கிறதா, தேதி இருக்கிறதா, முத்திரை இருக்கிறதா என்றெல்லாம் பார்த்தேன். இதைப் பார்க்கவில்லை.

"எழுதலையே" என்றார் சர்ஜன்.

"அதான் கேட்டேன். எங்க கடையில மிளகு மூட்டை வந்தா குத்தூசி போட்டுப் பாப்போம் ஐயா. உள்ள துளை உள்ள ஊசி. குத்தி எடுத்தா ஒரு கை மிளகு வரும். விக்கிறவன் ஆளு நிப்பான். மூட்டையில காஞ்ச பக்கமாப் பாத்து நம்ம பக்கம் திருப்பி வைப்பான். ஈரம் அடியில ஒரு மூலையில கெடக்கும். மேல குத்திட்டு மூட்டை நல்லாருக்குன்னு வாங்குனா, பஜாருல சிரிப்பாக. சந்தேகம்னா ரெண்டாவது தடவை மூட்டையைப் பெரட்டிப் போட்டு, தொட்டா எங்க சில்லுனு இருக்கோ அங்கன குத்துவோம். ஒரு குத்து இல்ல, மூணு குத்து. ஒவ்வொண்ணையும் தனித்தனிப் பொட்டலமாக் கட்டி, எந்த மூலைன்னு எழுதி வைப்போம். ஒண்ணாக் கொட்டிட்டா அப்புறம் எங்க இருந்து வந்ததுன்னு யாரு சொல்றது?"

சர்ஜன் சிரிக்கவில்லை. மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

"நீங்க சொல்ற மாதிரியே செய்வோம். வலது பக்கம் கட்டியிலே மூணு இடம், இடது பக்கம் ஒண்ணு. நாலும் தனித்தனிப் புட்டி. காய்ச்சல் வராம இருக்க முன்னாடியே மருந்து கொடுத்துடறேன். வருவீங்களா?"

மச்சான் சொன்னார்:

"அறுவத்திரண்டு வயசுல அதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன், எடுத்துக்கங்க. ஆனா இல்லாத வியாதிக்கு எடுத்துறக் கூடாது ஐயா. இருக்குன்னு தெரிஞ்சு எடுங்க. அதுக்காக வேணா இன்னொருக்க குத்திக்கிறேன்."

வெளியே வந்தபோது அக்கா எழுந்து நின்றாள். இன்னொரு ஊசி என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே சொன்னார். அக்கா என்னைப் பார்த்தாள், நான்தான் ஏதோ பேசி ஒப்புக்கொள்ள வைத்தேன் என்று நினைத்து, நன்றியோடு. அதை மறுக்க எனக்கு அந்த நேரத்தில் தைரியமில்லை. பஸ்ஸில்தான் உண்மையைச் சொன்னேன். "அதானே பாத்தேன்" என்றாள்.

அடுத்த வாரம், சர்ஜன் வழக்கமாக ஆபரேஷன் செய்கிற ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இரண்டாவது ஊசி நடந்தது. நான்கு புட்டிகளுக்கும் சீட்டு எழுதுகிற வேலை எனக்கு வந்தது. என் கையெழுத்து ஆபீஸில் பேர்போனது. வலது மேல், வலது நடு, வலது அடி, இடது. பெயர், வயது, தேதி. பசை காயும்வரை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அந்த விவகாரம் முழுவதிலும் நான் செய்த உருப்படியான வேலை அது. மச்சானுக்கு இந்தத் தடவை ஒரு நாள்தான் காய்ச்சல் அடித்தது. வலித்ததா என்று கேட்டேன். "கேக்காத" என்றார்.

முடிவைத் தபாலில் அனுப்ப வேண்டாம், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவைத்திருந்தேன். எட்டாம் நாள் காலையில் போய் வாங்கினேன். சர்ஜன் படித்துச் சொன்னார். வலது பக்கத்து மூன்று துணுக்கிலும் புற்று இருந்தது. இடது பக்கத்தில் இல்லை. இந்தத் தடவை எடுத்த ரத்தத்தில் ஏதும் கூடியிருக்கவில்லை. எலும்புப் படமும் சுத்தமாக இருந்ததால் பரவியிருப்பதாகத் தெரியவில்லை என்றார். போன தடவை ஊசி காஞ்ச பக்கத்தில்தான் போயிருக்க வேண்டும், அல்லது கட்டியின் ஓரத்தைக் கீறிக்கொண்டு போயிருக்கும் என்றார். 'காஞ்ச பக்கம்' என்ற சொல்லை மச்சானிடமிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்.

நான் கிளம்பாமல் நின்றேன். நாற்பது நாளைப் பற்றிக் கேட்டேன். யார் தவறு என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்தக் கட்டி வருஷக்கணக்கில் வளர்ந்தது, நாற்பது நாளில் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது என்றார். அது மருத்துவமா கருணையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எழுதிக் கொடுங்கள் என்று கேட்கிற விஷயமும் அல்ல.

பகல் ரயிலில் தேனிக்கு வந்தேன். மச்சான் கடையில் ஒரு வியாபாரியோடு பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், உட்கார் என்று கையைக் காட்டினார், பேச்சை அவசரப்படுத்தவில்லை. அந்த ஆள் போனபிறகு, சிதறிக் கிடந்த மிளகை மேஜையிலிருந்து ஒன்றுவிடாமல் கூட்டி எடுத்து டப்பாவில் போட்டார்.

"சொல்லு மாப்ள."

"இருக்கு மச்சான்."

"வலது பக்கமா?"

"மூணுலயும் இருக்கு. இடதுல இல்லை. வேற எங்கயும் போகலைன்னு சொல்றாக."

தலையை ஆட்டினார். நான் அவர் முகத்தில் எதையோ எதிர்பார்த்திருந்தேன், அது வரவில்லை. வந்தது வேறு. தை மாதம் அந்த ஜீப்பிலிருந்து இறங்கி நின்ற நாள் முதல் அவர் தோள்கள் இரண்டும் காதுப் பக்கம் ஏறியே இருந்தன. அதை அன்றைக்கு அவை இறங்கியபோதுதான் கவனித்தேன்.

"ஆபரேஷன் எப்பங்கிறாக?"

"வியாழக்கெழமை."

"சரி. உங்க அக்காகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ ஒண்ணும் பேசாத, நீ பேசுனா அவ பயந்துருவா."

அப்போதுதான் என்னால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. நாற்பது நாள் மச்சான், என் மடத்தனம் மச்சான் என்று ஆரம்பித்தேன். குரல் உடைந்துவிட்டது, கடை நடுவில், எதிரே மஞ்சள் மூட்டை இறக்குகிற ஆட்கள் பார்க்க. அவர் டப்பாவின் மூடியைப் போட்டு அழுத்திக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"நீ கடுதாசி வரணும்னு காத்திருந்த. நான் அது வந்துறக் கூடாதுன்னு காத்திருந்தேன். நான் நெனைச்சிருந்தா உன் கடுதாசிக்கெல்லாம் நிக்காம மறுநாளே மதுரைக்குப் போயிருக்க மாட்டேனா? எனக்கு உன் முறை தோதா இருந்துச்சு மாப்ள. அதுல உன் நாள் எத்தனை, என் நாள் எத்தனைன்னு இப்ப உக்காந்து பிரிக்கணுமா?"

வியாழக்கிழமை ஆபரேஷன் நடந்தது. அதற்கு முந்தின ஞாயிறு அவரே ஜெபச் சீட்டு எழுதிக் கொடுத்தார். வியாதி என்ற இடத்தில் புற்று என்று எழுதினார், எங்கே என்று எழுதவில்லை. வாசலில் பத்துப் பேர் கேட்டார்கள். சொன்னார்.

அதன்பிறகு பதினோரு வருஷம் இருந்தார். மூன்று மாதத்துக்கு ஒருதரம் மதுரைக்குப் போய் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். கட்டி சுருங்கி, பிறகு தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்றார்கள். கடைசியில் போனது நெஞ்சுவலியில். அந்தப் பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் அந்த நாற்பது நாளைப் பற்றி வாயெடுத்ததில்லை. அக்கா எடுத்தாள், வருஷத்துக்கு ஒருதரம், கிறிஸ்துமஸ் சாப்பாட்டின்போது, எல்லாரும் கேட்கும்படி, என் இலையில் இரண்டாவது தடவை கறி வைத்துக்கொண்டே.